கிரைண்டர் பாயிண்ட்

எங்கள் வீட்டில் இரண்டு நாடுகளின் மின்சாரம் ஓடுகிறது. கீழே இந்தியா, இருநூற்று முப்பது வோல்ட். மாடியில் ஓர் அறையும், முன்பக்கம் கார் நிறுத்துகிற போர்ச்சும் அமெரிக்கா, நூற்றுப் பத்து. எல்லை மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. அங்கே பச்சை பெயிண்ட் அடித்த இரும்புப் பெட்டி ஒன்று, வயிற்றுவலிக்காரர் மாதிரி இரவும் பகலும் முனகிக்கொண்டிருக்கும். ஆரல்வாய்மொழியில் காற்றாடிகள் சுற்றிச் சுற்றி உண்டாக்குகிற கரண்டு, கம்பி வழியாக நெய்யூர் வரைக்கும் முழுசாக வந்து, அந்தப் பெட்டிக்குள் போய்ப் பாதியாகி வெளியே வரும்.

பெட்டியை வைத்தவர் மத்தியாஸ் பெரியப்பா, அப்பாவின் அண்ணன். நியூஜெர்சியில் இருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மூன்று வாரம் வருவார். அந்த மூன்று வாரமும் அவருடைய அமெரிக்கக் காப்பி மெஷின், அமெரிக்க இஸ்திரிப் பெட்டி, சருகை ஊதித் தள்ளுகிற அமெரிக்க இயந்திரம் எல்லாம் ஓட வேண்டும் என்பதற்காக வீடு கட்டும்போதே செய்த ஏற்பாடு. மற்ற நாட்களில் பெட்டி யாருக்காகவும் இல்லாமல் முனகும். அணைத்துவைக்கலாமே என்று ஒருவரும் கேட்டதில்லை. வீட்டின் பாதிச் செங்கல் அவர் பணத்தில் வந்தது. எந்தப் பாதி என்று தெரியாததால் நாங்கள் எல்லாச் செங்கலுக்கும் மரியாதை கொடுத்துவந்தோம்.

இந்தத் தடவை அவர் வந்து இறங்கியபோது வீட்டில் புதிதாக ஒன்று நின்றது. மைனியின் எலெக்ட்ரிக் கார்.

மைனி என்றால் என் அண்ணன் ஜெரிஷின் மனைவி அஜிஷா. அண்ணன் வளைகுடாவில், தம்மாமில் வேலை பார்க்கிறான். மைனி பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்து ராஜினாமா செய்துவிட்ட கைகளையும் கால்களையும் சமாதானம் பேசித் திரும்ப வேலைக்குச் சேர்க்கிற உத்தியோகம். ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களின் வீட்டுக்கு அவளே போவாள். மடக்கு வாக்கர், தசையைத் தட்டி எழுப்புகிற மெஷின், பை நிறையப் பந்துகள், இத்தனையையும் ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு போய் இரண்டு தடவை விழுந்த பிறகு, அவளே ஓட்டப் படித்து, அவள் சம்பாத்தியத்தில், அவள் பெயரிலேயே வாங்கிய வண்டி. வெள்ளை நிறம். சத்தமே போடாது. எங்கள் தெரு நாய்கள் அதைக் குரைப்பதா வேண்டாமா என்று தீர்மானிப்பதற்குள் அது திருப்பத்தைத் தாண்டியிருக்கும்.

வாங்கிய நாளிலிருந்து அது அடுக்களை ஜன்னலுக்கு வெளியே, சந்தில்தான் நிற்கும். வயர் ஜன்னல் கம்பி வழியாக உள்ளே போகும். கிரைண்டருக்கென்று போட்டிருந்த தடித்த மூன்று துளை பாயிண்டில் செருகினால் ராத்திரி முழுக்கக் குடித்துவிட்டு விடியும்போது நிறைந்து நிற்கும். ஷோரூம் ஆள் வந்து வயர், எர்த் எல்லாம் சோதித்துவிட்டு, "இதுவே தாராளம் மேடம்" என்று சொல்லிப் போயிருந்தான். அம்மாவுக்கு மட்டும் கொஞ்சம் சடவு. ராத்திரி உறங்கப்போகுமுன் மாவாட்டுவது அவளுடைய வழக்கம். இப்போது சாயங்காலமே ஆட்டி முடிக்க வேண்டியிருந்தது.

"எனக்க கிரைண்டருக்கு ஒரு சக்களத்தி வந்தாச்சு" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெரியப்பா வந்த அன்றே வீட்டைச் சுற்றி நடந்து செங்கல்களைப் பார்வையிட்டார். ஜன்னல் வழியாகப் போகிற வயர் கண்ணில் பட்டது.

"இது என்னது?"

"கார் சார்ஜ் ஆகுது, பெரிய மாமா" என்றாள் மைனி.

"அடுக்களையில இருந்தா? கேஸ் சிலிண்டர் நிக்கிற இடத்தில இருந்தா? லேய் ஜேசுதாசு, உனக்குக் கண்ணு கிடையாதா டே?"

அப்பாவுக்குக் கண் உண்டு. அண்ணன் ஊரில் இருக்கும்போது அதை உபயோகிப்பதில்லை. "நான் நினைச்சேன்…" என்று ஆரம்பித்து, நினைத்ததை அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

"மக்ளே, கேட்டுக்கோ" என்று பெரியப்பா மைனியிடம் திரும்பினார். "டூ தர்ட்டி அடிச்சா ஆளு போயிருவான். ஒன் டென் அடிச்சா சும்மா ஒரு தட்டு தட்டிட்டு, ஸாரி சொல்லிட்டுப் போவும். பின்ன என்னத்துக்கு நான் போர்ச்சில ஒன் டென் பாயிண்ட் வச்சிருக்கேன்? இனி வண்டி போர்ச்சில நிக்கட்டும். சார்ஜும் அங்க."

"அதில பாதிதானே வரும், பெரிய மாமா? கார் நிறையாதே."

"அமெரிக்காவே அதிலதான் ஓடுது."

எங்கள் பக்கத்தில் 'அமெரிக்காவே' என்று ஆரம்பிக்கிற வாக்கியத்துக்கு மறுமொழி சொல்லி யாரும் பழகவில்லை. கார் போர்ச்சுக்கு மாறியது. அமெரிக்கத் துளைக்குள் இந்தியப் பிளக் போகாது என்பதால் பெரியப்பா தன் பெட்டியிலிருந்து ஓர் அடாப்டரை எடுத்து, பேரப்பிள்ளைக்குச் சங்கிலி போடுகிற பாவனையில் மாட்டிவிட்டார்.

பச்சைப் பெட்டி அதுவரை இலை ஊதுகிற இயந்திரத்துக்கு மேல் எதையும் சுமந்ததில்லை. கார் குடிக்கத் தொடங்கியதும் முனகல் உறுமலாகியது. கொஞ்ச நேரத்தில் சூடேறித் தானாக நின்றது. ஆறிய பிறகு மறுபடி உறுமியது. மறுபடி நின்றது. நடுவில் பெரியப்பா மாடியில் காப்பி போட்டால் போர்ச்சில் கார் பட்டினி. சட்டைக்கு இஸ்திரி போட்டால் கார் பட்டினி. விடிந்து பார்த்தால் வண்டி ஒரு வாய் கஞ்சி குடித்த நோயாளியைப் போல நின்றது.

அந்த வாய்க் கஞ்சியில் திங்கள்நகர் வரைக்கும் போய் வரலாம். மைனியின் ஆட்களோ நாலா பக்கமும் இருந்தார்கள். தூரத்திலிருப்பது தாணம்மாள், குலசேகரத்தில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில். கடை நடத்தியவள். வாதம் வந்து வலது கை மூடிக்கொண்டது. மூடிய விரல்கள் திறக்க மறுத்தன. வாரத்தில் மூன்று நாள் மைனி போய் ஒவ்வொரு விரலாகத் திறந்து பழக்கிக்கொண்டிருந்தாள்.

"முதல் சில மாசம் கை ஈர சிமெண்ட் மாதிரி இருக்கும்லே சிஜின்" என்று என்னிடம் சொல்வாள். "அப்பம் விட்டுட்டா அப்படியே உறைஞ்சு போவும். பின்ன எனக்கும் ஒண்ணும் செய்ய ஒக்காது, தேவதூதன் வந்தாலும் ஒக்காது."

ஒரு நாள் வாக்கரையும் மெஷினையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போனாள். தாணம்மாளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும்போது சூரியன் அடைந்துவிட்டது. மற்றவர்களுக்குப் போனில் மன்னிப்பு.

அன்று சாப்பாட்டு மேஜையில் பெரியப்பா எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார்: "நான் அப்பவே சொன்னேன். எலெக்ட்ரிக் வண்டி வீட்டுக் கரண்டில ஓடாது. எனக்கு அனுபவம் உண்டு. நானும் ஒண்ணு வாங்கி, கராஜ்ல சாதாரண பிளக்கில குத்தினேன். பனிக்காலம். காலையில பாத்தா ஒண்ணும் ஏறேல்ல. வேலைக்குப் போற வழியில நடுரோட்டில நின்னுபோச்சு. நான் அங்க, அந்தக் குளிரில, கோட்டு இல்லாம நின்னேன் டே."

சொல்லும்போது குரல் லேசாக நடுங்கியது. உண்மையிலேயே குளிர்ந்திருக்கிறது. அதில் பொய் இல்லை.

"பொறவு என்ன செய்திய, பெரிய மாமா?" என்று மைனி கேட்டாள்.

"என்ன செய்ய? எலெக்ட்ரீஷியனை வரச்சொல்லி கராஜுக்குத் தனி லைன் இழுத்தேன். டூ ஃபார்ட்டி. இப்பம் ராத்திரி குத்தினா காலையில ஃபுல்."

மைனி மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினாள்.

"எத்தன?"

"டூ ஃபார்ட்டி."

"எனக்க மாமி மாவாட்டுற பாயிண்டிலயும் ஏறக்குறைய அதுதானே வருது? நீங்க ஆளை வரவழைச்சுப் போட்டது இங்க அடுக்களையில சும்மா கிடக்கு."

பெரியப்பா தண்ணீர் குடித்தார். ஒரு சிறுபிள்ளைக்கு விளக்குகிற பொறுமையோடு சொன்னார்: "மக்ளே, அது அமெரிக்கன் டூ ஃபார்ட்டி. ரெண்டு நூத்தியிருபது சேர்ந்து வாறது. டிசிப்ளின் உள்ள கரண்டு. இங்க உள்ளது காட்டுக் கரண்டு."

அப்பா தலையாட்டினார். காட்டுக் கரண்டில் ஓடுகிற மின்விசிறி எங்கள் தலைக்கு மேல் ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருந்தது.

மைனி அண்ணனுக்கு வீடியோ கால் போட்டாள். அண்ணன் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, "இங்க தம்மாம்ல பழைய கெட்டிடத்தில நூத்தி இருபத்தேழு, புதுசில இருநூத்தி முப்பது. அப்பம் ரெண்டு பேரு சொல்லுறதும் சரிதானே" என்றான்.

"நீங்க எந்தக் கெட்டிடத்தில இருக்கிய?"

"நான் ஷிஃப்டில இருக்கேன், பொறவு கூப்பிடுதேன்" என்று வைத்துவிட்டான்.

இனி எங்கள் குடும்ப ஜெபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாயங்காலம் ஏழு மணிக்கு ஹாலில் பாய் விரித்து உட்காருவோம். ஒரு பாட்டு, கொஞ்சம் வேத வாசிப்பு, பிறகு மூத்தவரிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொருவராக ஜெபிப்பார்கள். ஒவ்வொரு ஜெபத்தின் முடிவிலும் எல்லாரும் சேர்ந்து ஆமென் சொல்லவேண்டும். ஜெபிக்கிறவரை யாரும் இடைமறிக்கக் கூடாது. ஜெபத்தில் சொன்னதைப் பற்றிப் பிறகு கேட்கவும் கூடாது, அது ஆண்டவருக்கும் அவருக்கும் உள்ள விஷயம். ஆகவே முகத்துக்கு நேரே சொல்ல முடியாததையெல்லாம் எங்கள் வீட்டில் ஜெபத்தில்தான் சொல்வார்கள். 'வீட்டுக் காரியங்களில் அசதியாயிருக்கிறவர்களை எழுப்பியருளும்' என்று அம்மா ஜெபித்தால் மறுநாள் அப்பா தண்ணீர்க் குழாயைச் சரிபண்ண ஆள் கூப்பிடுவார். என் செமஸ்டர் மார்க்கு இப்படித்தான் பரலோகத்தில் பலமுறை விவாதிக்கப்பட்டிருக்கிறது.

புதன்கிழமை பெரியப்பா நீண்ட ஜெபம் செய்தார். மிஷனரிகளுக்காக, மழைக்காக, டாலருக்காக. எங்கள் கண்கள் மூடியிருந்தன, முழங்கால்கள் மரத்திருந்தன. அந்த ஓட்டத்திலேயே, குரலை மாற்றாமல், "இந்த வீட்டுக்கு ஒவ்வாத அந்த வாகனத்தை சனிக்கிழமை சகோதரன் எட்சன் வந்து எடுத்துக்கொண்டு போகிற காரியம் சுமுகமாக நடக்கக் கிருபை செய்யும், பிதாவே" என்றார்.

"ஆமென்" என்றோம் எல்லாரும்.

மைனியும் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் அவள் கண் திறந்தது. பிறந்ததிலிருந்து சொல்லிப் பழகிய வாய், சொன்ன பிறகு யோசிக்கிற வாய். எங்கள் எல்லாருக்கும் அதே வாய்தான்.

எட்சன் என்பவர் கருங்கல் ஊரில் பழைய கார் வாங்கி விற்கிறவர். சார்ஜ் ஏறாத வண்டி என்று பெரியப்பா முன்னமே பேசி வைத்திருந்தார். வண்டி மைனியின் பெயரில் இருக்கிறது, விற்பதென்றால் அவள் கையெழுத்து வேண்டும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அவள் போடமாட்டாள் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை மைனி நேராகவே கேட்டாள். "பெரிய மாமா, எனக்க வண்டிய எனக்குத் தெரியாம விக்கப் பேசினிய?"

"தெரியாமலா? நேத்து நீயும் சேர்ந்துதானே ஆமென் சொன்ன, மக்ளே?" பெரியப்பா அமைதியாகக் காப்பி மெஷினைத் தட்டினார். போர்ச்சில் கார் பட்டினியானது. "பொம்பளப் பிள்ளைக்கு இந்த அலைச்சல் என்னத்துக்கு? ஆஸ்பத்திரியில ஃபேனுக்குக் கீழ இருந்து செய்யதுக்கு ஒரு வேல நான் சொல்லி வாங்கித் தாறேன்."

அம்மா மைனியை அடுக்களைக்குள் இழுத்துப் போய், "ஏட்டி, மூணு வாரம் பொறுத்துக்க. அவரு போன பொறவு நீ எங்க வேணும்னாலும் குத்து" என்றாள்.

"மாமி, அவரு போவும்போ வண்டி எங்க இருக்கும்?"

அம்மா உளுந்து களைந்த தண்ணீரை ஊற்றினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாய் விரிக்கப்பட்டது. பெரியப்பா ஜெபித்தார். அப்பா ஜெபித்தார், அப்பாவின் ஜெபம் எப்போதும் அண்ணனின் ஜெபத்துக்கு நன்றி சொல்வதாக இருக்கும். அம்மா ஜெபித்தாள். அடுத்தது மைனி. பொதுவாக அவள் நாலு வரியில் முடித்துவிடுவாள். அன்று தலையில் முக்காட்டைச் சரிசெய்து, முழங்காலை நன்றாக ஊன்றிக்கொண்டாள். ஊன்றிய விதத்தைப் பார்த்து நான் ஒரு கண்ணை மட்டும் மூடினேன்.

"அன்பும் இரக்கமும் நிறைந்த எங்கள் பரமபிதாவே, இந்த மாலை வேளைக்காக உமக்கு ஸ்தோத்திரம். தேவரீர் ஒவ்வொரு தேசத்துக்கும் ஏற்ற வோல்டேஜைக் கட்டளையிட்டிருக்கிறீர். ஜப்பானியருக்கு நூறைக் கொடுத்தீர். அமெரிக்கருக்கு நூற்றிருபதைக் கொடுத்தீர். தம்மாமிலே பழைய வீட்டுக்கு ஒன்றும் புது வீட்டுக்கு ஒன்றுமாகக் கொடுத்தீர். நாங்கள் கேளாமலே எங்கள் அடுக்களைகளில் இருநூற்று முப்பதைத் தந்தருளினீர், பிதாவே. இங்கிலாந்து தேசத்தாருக்குக் கொடுத்ததில் ஒரு வோல்ட் குறைக்காமல் தந்தீர். அந்த நன்மையை மாடிப்படிக்கு அடியிலே பாதியாக்கின எங்கள் அறியாமையை மன்னியும்."

அப்பா இருமினார். ஜெபத்தில் இருமலாம், பேசக் கூடாது.

"எங்கள் பெரிய மாமாவை நினைத்தருளும். பனியிலே, நடு ரோட்டிலே, கோட்டு இல்லாமல் அவர் பட்ட பாடு மெய்தான், பிதாவே. தனி லைன் இழுத்து இருநூற்று நாற்பது வந்த அன்று அவருடைய முகத்தைப் பிரகாசிக்கப் பண்ணினீரே, அந்தப் பிரகாசம் இந்த வீட்டு மருமகளுக்கும் ஆகும் என்று அவர் இருதயத்தோடே பேசும். குலசேகரத்தில் தாணம்மாளின் வலது கையை ஆசீர்வதியும். அந்தக் கை உறைந்துபோகுமுன் நான் அங்கே போய்ச் சேரக் கிருபை செய்யும்."

இதற்குப் பிறகு அவள் தாணம்மாளின் ஒவ்வொரு விரலுக்காகவும் தனித்தனியே ஜெபித்தாள். கட்டை விரல், ஆள்காட்டி விரல், அவற்றின் கணுக்கள். பெரியப்பாவின் தலை லேசாகச் சாயத் தொடங்கியது. அமெரிக்காவில் அப்போது காலை நேரம்தான், ஆனாலும் நீண்ட ஜெபத்துக்கு எந்த நாட்டு நேரமும் கிடையாது. மைனி குரலைத் தாழ்த்தவும் இல்லை, உயர்த்தவும் இல்லை.

"நாளைக்கு வருகிற சகோதரன் எட்சனை வெறுங்கையாகவும் சந்தோஷமாகவும் திருப்பி அனுப்பும். இந்த ராத்திரி முதல் வண்டி கிரைண்டர் பாயிண்டிலேயே சார்ஜ் ஆகும் என்று இந்தக் குடும்பத்தை ஒருமனப்படுத்தினதற்காக ஸ்தோத்திரம். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், நல்ல பிதாவே."

"ஆமென்!" என்றோம்.

எல்லாரிலும் உரத்து ஒலித்தது பெரியப்பாவின் ஆமென்தான். உறக்கத்தின் விளிம்பிலிருந்து வருகிற ஆமென் எப்போதும் கொஞ்சம் கூடுதல் விசுவாசத்தோடு வரும்.

பிறகு அவர் கண்ணைத் திறந்து, "ஏட்டி, நீ இப்பம் என்ன ஜெபிச்ச?" என்றார்.

"ஆண்டவர்கிட்ட பேசினேன், பெரிய மாமா. நீங்களும்தானே ஆமென் சொன்னிய?"

மைனி எழுந்து போனாள். போர்ச்சில் அடாப்டரைப் பிடுங்கி அவருடைய நாற்காலியின் மேல் பத்திரமாக வைத்தாள். காரை ஓட்டிப்போய்ச் சந்தில் நிறுத்தினாள். வயரின் தலை ஜன்னல் கம்பிக்குள் எட்டிப் பார்த்தது. அடுக்களையில் அம்மா கிரைண்டருக்கு முன்னால் நின்றாள். அன்று ஆட்டப் பிந்திவிட்டது. பெரியப்பாவுக்குக் காலையில் தோசை வேண்டும் என்று ஊறப்போட்ட உளுந்து பாத்திரத்தில் இருந்தது. கிரைண்டர் பிளக் ஏற்கெனவே பாயிண்டில்.

"மாமி" என்றாள் மைனி, ஜன்னலுக்கு வெளியிலிருந்து.

அம்மா ஹாலைப் பார்த்தாள். உளுந்தைப் பார்த்தாள். கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வயரை வாங்கித் தானே செருகினாள்.

"ஜெயபாய்!" என்று ஹாலிலிருந்து பெரியப்பா அம்மாவை அதட்டினார்.

"நானும் ஆமென் சொல்லிட்டேனே, அத்தான்" என்றாள் அம்மா. "சொன்னத மாத்த ஒக்குமா?"

சனிக்கிழமை காலை எட்சன் வந்தார். மெலிந்த ஆள், சட்டைப் பையில் இரண்டு பேனா, நோயாளியைப் பார்க்க வந்தவரின் சோகமான முகம். பெரியப்பா அவரைச் சந்துக்குக் கூட்டிப் போனார். மைனி வாக்கரையும் மெஷினையும் வண்டிக்குள் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"இதுதானா அண்ணாச்சி, ஏறாத வண்டி?" என்று எட்சன் உள்ளே குனிந்து டிஸ்பிளேயைப் பார்த்தார். நூறு என்று காட்டியது.

"அது சும்மா காட்டும்" என்றார் பெரியப்பா. "ஓட்டினா இறங்கிப்போவும்."

"பின்ன ஓட்டிப் பாக்காமலா வாங்குவிய?" என்று மைனி கதவைத் திறந்து பிடித்தாள். "ஏறுங்க அண்ணா. குலசேகரம் வரை போயிட்டு வருவோம். ஏலே சிஜின், நீ பொறத்த இருந்து வாக்கரைப் பிடிச்சுக்கோ."

மோசமான வண்டியை மோசம் என்று நிரூபிக்கிற வாய்ப்பைப் பெரியப்பாவால் மறுக்க முடியவில்லை. "ஏசியப் போட்டு ஓட்டு" என்று மட்டும் சொன்னார்.

ஏசியைப் போட்டுத்தான் ஓட்டினாள். அழகியமண்டபம் தாண்டியதும் எட்சன் மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "இஞ்சின் ஓடுதா அம்மா?" என்றார். குலசேகரத்தை நெருங்க ரோடு ஏறி இறங்கத் தொடங்கியது, இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் வரிசைகட்டின. இறக்கத்தில் பெடலிலிருந்து காலை எடுத்தால் கொஞ்சம் சார்ஜ் திரும்ப ஏறும் என்று மைனி காட்டினாள். எட்சன் பேனாவை எடுத்தார், மறுபடி உள்ளே வைத்தார். எழுதுவதற்கு ஒன்றும் இல்லை, ஆனால் கை ஏதாவது செய்ய விரும்பியது.

தாணம்மாள் கட்டிலில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கட்டி போன இத்தன நாளு? எனக்க கை உன்ன மறந்துபோச்சு."

"கைக்கு மறதி உண்டு, எனக்கு இல்ல. நீட்டுங்க."

மைனி மணிக்கட்டைப் பிடித்து வளைத்து, உள்ளங்கையை வருடி, ஒவ்வொரு விரலாகப் பேரம் பேசினாள். கை இறுகியிருந்தது. அவள் முகம் ஒரு கணம் மாறியதை நான் பார்த்தேன். பல தடவை முயன்ற பிறகு கட்டை விரல் மட்டும் அசைந்து வெளியே வந்தது. அந்த இடைவெளியில் மைனி ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்தாள். டம்ளர் நின்றது. பிறகு விழுந்தது. வாசல் வரைக்கும் உருண்டுபோன அதை எட்சன் எடுத்து வந்து கொடுத்தார்.

"நீரு யாருடே?" என்றாள் தாணம்மாள்.

"இந்த வண்டிய வாங்க வந்த ஆளு."

தாணம்மாள் இடது கையால் அந்த டம்ளரையே ஓங்கினாள். "வாங்குவீரா? வாங்கிப் பாரும்!"

திரும்பும் வழியில் மைனி இன்னும் இரண்டு வீட்டில் ஏறி இறங்கினாள். எட்சன் பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார். நெய்யூருக்கு வந்தபோது பாதிக்கு மேல் சார்ஜ் மிச்சம் இருந்தது. பெரியப்பா வாசலிலேயே நின்றிருந்தார். வண்டி கயிறு கட்டி இழுத்து வரப்படும் என்று எதிர்பார்த்தவருடைய நிற்பு அது.

எட்சன் இறங்கினார். கண்ணில் காதல். "அண்ணாச்சி, நீங்க சொன்ன வண்டி இது இல்ல. இது தங்கம். நான் முதல்ல சொன்ன விலைய விடுங்க, கூட்டியே தாறேன்."

பெரியப்பாவுக்கு ஒரு நிமிஷம் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை. வண்டி உதவாது என்பது அவருடைய கட்சி. விலை நல்ல விலை. கடைசியில் விலையின் பக்கம் போய் நின்றார். "பாத்தியா மக்ளே? நான் சொன்னதாலதான் இந்த விலை வருது. கையெழுத்தைப் போடு."

"விக்கேல்ல" என்றாள் மைனி.

"குடும்பம் தீர்மானிச்ச காரியம் இது."

"அப்பம் குடும்பத்தைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க. வண்டி அஜிஷாவுக்க பேருல கிடக்கு. அவ போடமாட்டா."

அப்பா செய்தித்தாளோடு வாசலுக்கு வந்து, அதை விரித்து, அதற்குள் போய்விட்டார். அம்மா கதவருகில் நின்றாள். பெரியப்பாவின் முகம் சிவந்தது. "உனக்க இஷ்டத்துக்கு ஆடுவியா? இதில ஒவ்வொரு கல்லும்…"

"உங்க கல்லை நான் தொடேல்ல, பெரிய மாமா. நல்ல கல்லு. நல்லா இருக்கட்டும். திங்கக்கிழம அனில்குமாரை வரச்சொல்லியிருக்கேன், வயரிங் வேல செய்யதுக்கு. மீட்டர்ல இருந்து போர்ச்சுக்குத் தனி லைன் வருது. இருநூத்தி முப்பது. மழைக்காலத்தில சந்தில நின்னு நனைய ஒக்காது எனக்கு."

"எனக்க போர்ச்சிலயா? யாருகிட்ட கேட்டு?"

"உங்க கராஜில லைன் இழுத்தப்போ நீங்க யாருகிட்ட கேட்டிய?"

"எனக்க வீட்டில நான் லைன் இழுக்கதுக்கு எவன்கிட்ட கேக்கணும்?"

"அதேதான்" என்றாள் மைனி. "நானும் எனக்க வீட்டில இழுக்கேன்."

சாவியைக் கையில் சுற்றிக்கொண்டு அம்மாவைக் கடந்து உள்ளே போனாள். போகிற போக்கில், "எட்சன் அண்ணா, சாப்பிட்டுட்டுப் போங்க. பஸ் ஸ்டாண்டு வரை நானே கொண்டு விடுதேன்" என்று உள்ளேயிருந்து சொன்னாள்.

எட்சன் செருப்பைக் கழற்றினார்.